'பொது' என்னும் சொல்லும் அதன் எச்சமும்: புணே நகர வழக்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒருபொருள் குறித்த பலசொல் என்னும் பாகுபாடு தமிழ் இலக்கண மரபில் மிகத் தொன்மையானது. திரிசொல்லை இருவகையாகப் பகுத்த தொல்காப்பியர் அதனை முதல்வகையாக வைத்தார். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இத்தகைய சொற்களை நிரல்படத் தொகுத்தன. பின்வந்த அகராதிகள் அத்தொகுப்பைத் தம் வழியில் பெற்றுக்கொண்டன. மனப்பாடம் செய்வதற்கு இம்முறை பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரே நிரலில் நிற்பதனாலேயே அச்சொற்கள் ஒன்றனிடத்தில் மற்றொன்று நிற்கவல்லன என்னும் எண்ணம் நாளடைவில் வேரூன்றிவிட்டது. 'எல்லாம்', 'அனைத்தும்', 'யாவும்', 'முழுதும்', 'சர்வம்', 'சகலம்', 'பொது' எனத் தொகையையும் பரப்பையும் உணர்த்தும் சொற்களிடத்து இவ்வெண்ணம் விளைத்துள்ள இடர்ப்பாடு சிறிதன்று.

இச்சொற்களுள் சில, 'யாரும் புறத்தே நிற்கவில்லை' என்பதை உணர்த்துவன. வேறு சில, 'சிறப்பாகப் பிரித்தெடுத்தவை போக எஞ்சியது' என்பதை உணர்த்துவன. 'பொது' என்னும் சொல் இவ்விரண்டனையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது என்பதும், எப்பொருளில் வழங்குகிறது என்பதைச் சொல்லே காட்டுவதில்லை என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாகும். இதற்குப் புணே நகரின் வழக்குகள் சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளன. 1870-இல் தோன்றிய சார்வஜனிக சபை, 1891-இல் அச்சேறிய ஜோதிராவ் புலேயின் நூல், 1932-இல் உருவான பூனா ஒப்பந்தம் ஆகிய மூன்றும் அந்நகரைச் சார்ந்தவை. மூன்றும் 'எல்லார்க்கும் உரியது' என்னும் பொருள்தரும் ஒரு சொல்லின்மீதே கட்டப்பட்டவை. மூன்றாவதன் சொல்லாட்சி தமிழில் இன்றளவும் வழங்கிவருவது. அதன் தமிழ் வடிவத்தில் ஒரு பிழை தங்கியுள்ளது என்பதே இவ்வாய்வுக்கு உந்துதலாயிற்று.

எல்லாம் என்பதன் இடம்

தமிழ் இலக்கணம் 'எல்லாம்' என்னும் சொல்லை நடத்தும் முறை வியப்புக்குரியது. பெயரியலில் தொல்காப்பியர் அச்சொல்லைப் பலவிடத்தும் பொருந்தும் இருதிணைப் பொதுச்சொல் எனக் கூறிவிட்டு, அடுத்த நூற்பாவில் ஒரு வரையறை விதிக்கின்றார். உயர்திணையில் அது வருமாயின் பேசுவோன் தன்னையும் உள்ளடக்கிய பன்மைக்கே வரும். அவ்வாறன்றிப் பிறரைமட்டும் சுட்டும் பன்மைக்கு வாராது. எழுத்ததிகாரத்து உருபியல் இதனை வடிவத்தாலும் உறுதிசெய்கிறது. அஃறிணையாயின் 'வற்று' என்னும் சாரியை பெற்று 'எல்லாவற்றையும்' என வரும் அச்சொல், உயர்திணையாயின் 'நம்' என்னும் சாரியை பெற்று 'எல்லாநம்மையும்' என வரும். முன்னிலைக்கு 'எல்லீரும்' என்பது தனியே உண்டு. அது 'நும்' பெறும். படர்க்கைக்கு 'எல்லாரும்' உண்டு. அது 'தம்' பெறும்.

இவ்விதியின் உட்பொருளை உரையாசிரியர்கள் உருபு புணர்ச்சிக்குரிய செய்தியாகவே கண்டனர். அது தவறன்று, ஆயினும் போதியதன்று. 'அனைவரும்' என்று ஒருவர் சொல்லுமிடத்து, சொல்பவர் அவ்வனைவருள் ஒருவரா, அன்றிப் புறத்தே நின்று எண்ணுகின்றவரா என்னும் வினாவைத் தமிழ் இலக்கணம் சொல்லின் உறுப்பிலேயே வைத்துக் கேட்கிறது. 'எல்லாம்' என்றால் எண்ணுபவரும் எண்ணப்படுவோருள் அடங்குவர். 'எல்லாரும்' என்றால் அவர் தம்மை விலக்கிக்கொண்டிருத்தல் கூடும். சங்கத் தொகைகளிலேயே இவ்வரையறையைக் கடந்த ஆட்சிகள் உண்டு. அவற்றுக்கு அமைதி கூற உரையாசிரியர்கள் முயன்றுள்ளனர். வழக்கு விதியைக் கடந்தது என்பதனால் விதி சுட்டும் வேறுபாடு பொய்யாகிவிடாது.

வடமொழியுடன் ஒப்பிடுமிடத்து இவ்வேறுபாடு தெளிவுபெறும். பாணினி 'சர்வ' என்பதைச் சுட்டுப்பெயர் போலும் சொற்களின் வரிசைக்கு முதற்சொல்லாக்கி, அவ்வரிசை முழுமைக்கும் 'சர்வநாமம்' என்னும் குறியீட்டை வழங்கினார். அத்துணைச் சிறப்புப் பெற்றிருந்தும் 'சர்வ' என்பது பேசுவோனது இடத்தைத் தன்னகத்தே காட்டுவதில்லை. பால், எண், வேற்றுமை ஆகியவற்றையே காட்டும். 'சகல', 'சமஸ்த', 'அகில' ஆகியனவும் அத்தன்மையன.

எல்லாச் சொற்களின் இறுதியிலும் நின்று முற்றுப்பொருள் தருவதாகக் கருதப்படும் 'உம்' இடைச்சொல்லும் இவ்விடத்து நோக்கத்தக்கது. அதன் எண்வகைப் பொருளுள் முற்றும் ஒன்று, எச்சமும் ஒன்று. முற்றும்மை எதிர்மறை வினையொடு கூடுமிடத்து எச்சப்பொருள் தருதலும் உரித்து எனத் தொல்காப்பியம் கூறும். 'அனைத்தும் கொடான்' என்றால் சில கொடுப்பான் என்பது போதரும். 'எல்லாரும் வந்திலர்' என்பது சிலர் வந்தமையைத் தெரிவிக்கும். முழுமையைச் சொல்லுவதற்கென அமைந்த உருபின் உள்ளேயே எஞ்சி நிற்பதற்கும் இடமுண்டு என்பதை இலக்கணிகள் அறிந்திருந்தனர்.

ஏனைய சொற்களைச் சுருங்கக் கூறி மேற்செல்லலாம். 'அனைத்து' என்பது பண்டை வழக்கில் 'அவ்வளவினது', 'அத்தன்மைத்து' என அளவைச் சுட்டிய சொல். திருக்குறளின் அறன்வலியுறுத்தலில் வரும் 'அனைத்து' என்பதற்குப் பரிமேலழகர் 'அவ்வளவே' என்று பொருள்கொள்வது இதற்குச் சான்றாகும். ஆகவே அச்சொல் ஒரு முன்னளவை நோக்கி நிற்பது. எதன் அளவு என்னும் வினாவுக்கு உட்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது 'அகில' என்பதன் இடத்தைப் பெற்றது. 'அகில இந்திய வானொலி'யும், 1972-இல் தோன்றிய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் 1976-இல் தன் பெயர்முன் சேர்த்துக்கொண்ட 'அனைத்திந்திய' என்னும் அடையும் அம்மாற்றத்தின் இருமுனைகள். 'யாவும்', 'யாவரும்', 'எவரும்' ஆகியன வினாவடியிற் பிறந்தவை. 'யார் எனினும்' என ஒவ்வொருவரையும் தனித்தனியே சுட்டிச் செல்வன. 'முழுதும்', 'முற்றும்' ஆகியன பொருளின் நிறைவைக் கருதுவனவன்றி மாந்தரை எண்ணுவன அல்ல.

பொது: பகிர்வும் மிகுதியும்

'பொது' இவற்றினின்றும் வேறானது. அது எண்ணிக்கையையன்று, உரிமையையே முதன்மையாகச் சுட்டும் சொல். ஒருவர்க்கே உரியது என்பதன் மறுதலை அது. சங்கப் பாடல்களுள் அம்மறுதலை அரசர்க்கு உவப்பானதாக இல்லை. புறநானூற்று எட்டாம் பாடலில் கபிலர், சேரமான் கடுங்கோ வாழியாதனை, நிலம் பிற வேந்தர்க்கும் பொது என்று கூறும் 'பொதுச்சொல்' பொறாதவன் எனப் பாராட்டுகின்றார். பொதுவன்மையே வேந்தின் பெருமையாக அங்குக் கருதப்பட்டது.

நக்கீரனார் பாடிய 189-ஆம் பாடல் இதனை வேறொரு திசைக்குத் திருப்புகிறது. கடல்சூழ் நிலத்தைப் பிறர்க்குப் பொதுமையின்றி ஆளும் வேந்தனையும், துயிலாது விலங்கு வேட்டம் மேற்கொள்ளும் கல்லாத ஒருவனையும் அது அருகருகே நிறுத்துகிறது. இருவர்க்கும் உண்பது ஒரு நாழி, உடுப்பது இரண்டு, பிறவும் அத்தகையனவே. ஆட்சியில் மறுக்கப்பட்ட பொதுமை பசியிலும் உடையிலும் நிலைநாட்டப்படுகிறது. 'பொது' என்னும் சொல்லை ஓரிடத்து நீக்கி, சொல்லாமலே மற்றோரிடத்து நிறுவும் இப்பாடல் பொருண்மொழிக்காஞ்சித் துறையில் அடங்கும். இதன் திணையாகக் குறிக்கப்பட்டிருப்பது பொதுவியல்.

அத்திணைப்பெயர் தனித்து ஆராய்தற்குரியது. வெட்சி முதலிய புறத்திணைகளுக்குப் பொதுவாய் உள்ளனவும், அவற்றுள் கூறாது ஒழிந்தனவும் பொதுவியல் எனப்படும் என்பது புறப்பொருள் வெண்பாமாலை மரபு. எல்லாவற்றிலும் உள்ளது, எதிலும் அடங்காதது என்னும் முரண்பட்ட இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் வைக்கப்பட்டன. நன்னூற் சொல்லதிகாரத்துப் பொதுவியலும் பெயரியல், வினையியல் ஆகியவற்றுக்குப் பின் இவ்வாறே அமைந்துள்ளது. பொதுவிதி, சிறப்புவிதி என்னும் பாகுபாட்டிலும் இதுவே நிலை: சிறப்புவிதி செல்லுமிடம் நீங்கலாக எஞ்சிய இடத்தையே பொதுவிதி ஆளும். ஆகவே 'எஞ்சியது' என்னும் பொருள் 'பொது'வுக்கு அண்மைக்காலத்தில் வந்து ஒட்டியதன்று; இலக்கண மரபிலேயே ஊன்றியது.

'பொது' இடத்தையும் குறித்தது. 'பொதியில்' என ஊரவர் கூடும் மன்றம் வழங்கப்பட்டது. தில்லைப் பொன்னம்பலமும் 'பொது' எனப் பெயர்பெற்றது. எல்லார்க்கும் உரிய மன்று என்னும் கருத்தே அப்பெயருக்கு அடிப்படை. எனினும் பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் அப்பொதுவினுள் புகுவதற்குத் தாம் பிறந்த உடம்போடு இயலவில்லை. தீயில் மூழ்கி வேறு வடிவம் பெற்றே புக நேர்ந்தது. சேக்கிழார் இதனைப் பக்தியின் வெற்றியாகவே பாடினார் என்பது உண்மை. ஆயினும் சொல்லாராய்ச்சி நோக்கில், 'பொது' என்று பெயரிடப்பட்ட இடத்தின் வாயிலில் ஒருவர் நின்றுவிட்டார் என்னும் செய்தியைப் புறந்தள்ள இயலாது. முதலாம் இராசராசனது தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நத்தத்தையும் தீண்டாச்சேரி, பறைச்சேரிகளையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. ஊர்ப்பொது என்பதில் 'ஊர்' எதுவரை பரந்தது என்பதை அப்பிரிவுகள் உணர்த்தும்.

பால்வேறுபாடும் இச்சொல்லில் பதிந்துள்ளது. 'பொதுமக்கள்' என்பது மதிப்புடைய விளி. 'பொதுமகள்' என்பது இழிவழைப்பு. திருக்குறள் வரைவின்மகளிர் அதிகாரத்தில் வரும் 'பொதுநலத்தார்' என்னும் தொடரும் அவ்வகையினதே. பலர்க்கும் உரிமையாதல் நிலத்துக்கும் மன்றுக்கும் உயர்வாகவும் பெண்ணுக்கு இழிவாகவும் கொள்ளப்பட்டது. 'பொது'வை 'எல்லாம்' என்பதன் ஒருபொருட் சொல்லாக நிரல்படுத்தும் அகராதிகள் இதற்கு என்ன விடை கூறும் என்பது தெரியவில்லை.

சார்வஜனிக்: ஒரு பெயரும் ஒரு நூலும்

மராத்தியில் 'பொது' என்பதற்கு நேராக வழங்கும் சொல் 'சார்வஜனிக்'. 'சர்வ ஜனம்' என்னும் தொடரிலிருந்து பிறந்த தத்திதச் சொல் அது. தமிழ்ப் 'பொது'வைப் போல உரிமையிலிருந்து தொடங்காமல் மாந்தரின் முழுத்தொகையிலிருந்து தொடங்குவதனால், அதன் வாக்குறுதி இன்னும் பெரியது. தமிழ்நாட்டுப் பொதுப்பணித்துறை மராட்டியத்தில் 'சார்வஜனிக் பாந்த்காம் விபாக்' எனப்படும். இவ்விடத்து ஒரு குறிப்பு: ஒரே வடிவுடைய வடசொற்கள் இருமொழியிலும் ஒரே பொருளில் வழங்கா. மராத்தியில் 'சர்வசாதாரண சபா' என்றால் பொதுக்குழுக் கூட்டம். தமிழில் 'சர்வசாதாரணம்' என்றால் எளிதில் நிகழ்வது, அடிக்கடி காண்பது. வடசொல்லாயின் இந்தியமொழிகள் அனைத்திலும் பொருள் ஒன்றே என்று கருதுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

1870 ஏப்ரல் 2 அன்று பூனா சார்வஜனிக சபை நிறுவப்பட்டது. புணே நகரின் பார்வதிக் குன்றுக் கோயிலின் நிருவாகத்தின்மீது நகரத்தார்க்கு இருந்த மனக்குறை அச்சபையின் தோற்றத்துக்கு உடனடிக் காரணமாயிற்று. அதனை நிறுவுவதில் முன்னின்ற கணேஷ் வாசுதேவ் ஜோஷி 'சார்வஜனிக் காகா' என்றே அழைக்கப்பட்டார். மகாதேவ் கோவிந்த ரானடே 1871 முதல் அச்சபைக்கு அறிவுத்துணையாக விளங்கினார். ஐம்பது பேரேனும் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் பெற்றவரே உறுப்பினராதல் வேண்டும் என்பது விதி. 95 உறுப்பினர் ஏறத்தாழ ஆறாயிரம் பேரின் சார்பில் அமர்ந்தனர். தேர்தல் என்பதே அரிதாயிருந்த காலத்தில், பெயருக்கு ஏற்ற சான்றைக் கையொப்பத்தால் தேடிய அம்முயற்சி மதிக்கத்தக்கது. 1876–78 பஞ்சக் காலத்தில் அச்சபை தொகுத்து அரசுக்கு அளித்த செய்திகளும் அதன் உழைப்புக்குச் சான்று பகரும். பதினான்காண்டுகள் கழித்துச் சென்னையில் தோன்றிய அமைப்பு 'மகாஜன சபை' (1884) எனத் தன்னை அழைத்துக்கொண்டது. 'சர்வ' என்பதைக் காட்டிலும் 'மகா' அடக்கமானது போலத் தோன்றும். ஆயினும் கருநாடகக் கல்வெட்டுகளில் 'மகாஜனம்' என்பது அக்கிரகாரத்து அந்தணர் குழுவையே பெரிதும் குறித்தது என்பதையும் உடன்வைத்து எண்ணவேண்டும்.

அதே நகரில் 1873 செப்டம்பர் 24 அன்று சத்தியசோதக சமாஜத்தை நிறுவிய ஜோதிராவ் புலே, சார்வஜனிக சபையின் பெயரைத் தம் பிற்கால எழுத்துகளில் கடுமையாகச் சாடினார். உழவரும் கைவினைஞரும் தீண்டப்படாதோரும் இல்லாத அவைக்கு அப்பெயர் பொருந்துமா என்பதே அவர் வாதத்தின் சாரம். கையொப்பம் இடத்தெரிந்தோரைக்கொண்டு எண்ணப்படும் 'சர்வ'த்தில், எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் எங்ஙனம் இடம்பெறுவர் என்னும் கேள்வி அதில் அடங்கியுள்ளது.

அவர் அச்சொல்லைக் கைவிட்டுவிடவில்லை என்பதே இவ்வாய்வுக்கு முதன்மையான செய்தி. 1888-இல் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த நிலையில் இடக்கையால் எழுதிய தம் இறுதி நூலுக்கு 'சார்வஜனிக் சத்ய தர்ம புஸ்தக்' என்றே அவர் பெயரிட்டார். 1890 நவம்பரில் அவர் மறைந்தபின், 1891-இல் அது வெளிவந்தது. எதிர்த்த சொல்லையே தம் நூலின் முகப்பில் ஏற்றியது முரண்பாடன்று. சொல்லை உரியவர்க்கு மீட்டுத்தரும் செயல் எனக் கொள்வதே பொருந்தும்.

நூலினுள் அச்சொல்லை அவர் காக்கும் முறை மொழிநோக்கில் நுண்மையானது. 'சர்வ' என்று ஒருமுறை கூறி அமைந்துவிடுவதில்லை. 'ஏகந்தர் சர்வ' என, மொத்தத்தைக் குறிக்கும் இருசொற்களை அடுக்குகின்றார். 'மனிதர்' என்று கூறி நிறுத்தாமல் பெண்ணும் ஆணும் எனப் பொருள்தரும் 'ஸ்திரீபுருஷ்' என்பதை ஓயாது சேர்க்கின்றார். இம்மீமிசைச் சொற்களைக் கூறியதுகூறல் எனக் குற்றஞ்சாட்டுவது எளிது; நடைநலம் நோக்குவோர்க்கு அவை சுமையாகத் தோன்றவும் கூடும். எனினும் தனியே நின்ற 'சர்வ' என்பதில் பெண்டிரும் சூத்திரரும் ஆதிசூத்திரரும் நழுவிப்போனமையைக் கண்டவர், அச்சொல்லுக்குத் தாங்குகோல் இட்டே அதனை வழங்கினார் எனல் வேண்டும்.

மற்றொன்று இதனினும் குறிப்பிடத்தக்கது. படைப்போனைக் குறிக்க அவர் ஆக்கிய 'நிர்மிக்' என்னும் சொல்லுக்கு முன் 'ஆபண்' என்பதும் 'சர்வ' என்பதும் இணைந்து அடையாக வருவதை நூல்முழுதும் காணலாம். மராத்தியில் தன்மைப் பன்மை இருவகைப்படும். 'ஆம்ஹி' என்பது கேட்போரை விலக்கிய பன்மை. 'ஆபண்' கேட்போரையும் உள்ளடக்கியது. தமிழின் 'நாங்கள்', 'நாம்' ஆகியவற்றுக்கு இவை நேரானவை. இந்தோ-ஆரிய மொழிகளுள் பெரும்பாலானவற்றில் காணப்படாத இவ்வேறுபாடு திராவிடமொழித் தொடர்பால் வந்தது என்பது மொழியியலார் கருத்து. 'ஆபண்' என்பதோடு 'சர்வ' கூடுமிடத்துக் கிடைக்கும் பொருள், தொல்காப்பியர் உயர்திணை 'எல்லாம்' என்பதற்கு விதித்த பொருளே: பேசுவோனும் கேட்போரும் அடங்கிய முழுமை. உருபியலின் 'எல்லாநம்' என்னும் வடிவத்துக்கு இதனினும் நெருங்கிய மொழிபெயர்ப்பு காண்பதரிது. புலே தமிழ் இலக்கணம் அறிந்தவரல்லர். தேவை ஒன்றாயிருந்தமையால் இருமொழியும் ஒரே வழியைக் கண்டன.

சார்வஜனிக சபையின் தோற்றத்துக்குக் காரணமாயிருந்த பார்வதிக் கோயிலின் வரலாறு 1929-இல் மீண்டும் இச்சொல்லோடு வந்து சேர்கிறது. அவ்வாண்டு அக்டோபரில், தீண்டப்படாதோர் எனப்பட்டோர் அக்குன்றின் படிகளில் ஏறி வழிபாட்டுரிமை கோரிச் சத்தியாகிரகம் செய்தனர், கதவு திறக்கப்படவில்லை. கோயில் நிருவாகம் 'சர்வ ஜன'த்துக்கும் உரிய செய்தி என்று கருதி ஓர் அவை எழுந்து அறுபதாண்டு நெருங்கிய நிலையில், அச்சர்வத்துள் தாங்கள் உண்டா என்று கேட்க ஒரு கூட்டம் அக்குன்றின் அடியில் நிற்க நேர்ந்தது.

பொதுத் தொகுதியும் தனித் தொகுதியும்

சட்டத்தின் மொழியிலும் இதே நிலை நேர்ந்தது. 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானம், பொது நீர்நிலைகளையும் கிணறுகளையும் சத்திரங்களையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்றது. அதனைச் செயற்படுத்தவே 1927 மார்ச்சில் மகாடுக் குளத்து நீரை அம்பேத்கர் தலைமையில் திரண்டோர் அருந்தினர். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானமும் பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொதுஅலுவலகம் ஆகியவற்றைப் பற்றியதே. ஒன்றையொன்று அடுத்த ஈராண்டுகளில் இரண்டு மாகாண அவைகள், 'பொது' என்பது பொதுதான் என்று தீர்மானம் இயற்ற வேண்டியதாயிற்று. சொல்லின் அகராதிப்பொருள் நடைமுறையில் செல்லுபடியாகியிருப்பின் இத்தீர்மானங்களுக்குத் தேவையே இராது.

1932 ஆகஸ்ட் 16-இல் அறிவிக்கப்பட்ட வகுப்புத் தீர்ப்பில் 'பொது'வின் எச்சப்பொருள் முழுவடிவம் பெற்றது. இசுலாமியர், சீக்கியர், இந்தியக் கிறித்தவர், ஆங்கிலோ-இந்தியர், ஐரோப்பியர் எனச் சிறப்புத் தொகுதிகளைப் பிரித்தபின் எஞ்சியவை 'பொதுத் தொகுதி' எனப்பட்டன. பெயர் எல்லாரையும் தழுவுவது. பொருளோ பிரித்தெடுத்தது போக மிகுந்தது. ஒடுக்கப்பட்டோர்க்குத் தீர்ப்பு வழங்கிய 71 இடங்கள் அவர்கள்மட்டும் வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதிகளாக அமைந்தன. எரவாடாச் சிறையில் காந்தியடிகள் செப்டம்பர் 20 அன்று உண்ணாநோன்பு தொடங்க, 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தமிழகத்தினின்று இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகிய இருவரும் அதில் ஒப்பமிட்டோருள் அடங்குவர்.

ஒப்பந்தத்தின் முதற்கூறு, பொதுத் தொகுதி இடங்களினின்று மாகாண அவைகளில் 148 இடங்களை ஒதுக்கியது; சென்னைக்கு 30, சிந்து உள்ளிட்ட பம்பாய்க்கு 15. இவ்விடங்களுக்குரிய வேட்பாளர் நால்வரை ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர் முதலில் தேர்ந்தெடுப்பர். பின்னர்க் கூட்டுத் தொகுதியின் வாக்காளர் அனைவரும் ஒருவர்க்கு வாக்களிப்பர். எண்ணிக்கை இருமடங்குக்கு மேற்பட்டது; தமக்கென்றே வாக்களிக்கும் உரிமை நீங்கியது. இப்பேரம் நன்றா தீதா என்னும் வழக்கு இன்றும் முடியவில்லை. அம்பேத்கரே பிற்காலத்தில் அதனைக் கடுமையாக விமரிசித்தார். இவ்விடத்து வேண்டுவது சொல்பற்றிய செய்தியே. பூனா ஒப்பந்தம் நீக்கியது 'தனித்தல்' என்பதை. தந்தது, 'பொது'வுக்குள் 'ஒதுக்கீடு' என்பதை.

மராத்தி இவ்வேறுபாட்டைச் சொல்லால் காத்துக்கொண்டது. நீக்கப்பட்ட முறை 'விபக்த்', அதாவது பிரிக்கப்பட்டது. நிலைபெற்ற முறை 'ராகீவ்', அதாவது ஒதுக்கிவைக்கப்பட்டது. தமிழிலோ நீக்கப்பட்டதற்கும் நிலைபெற்றதற்கும் 'தனித்தொகுதி' என்னும் ஒரே சொல் வழங்கலாயிற்று. இதன் விளைவாக, பூனா ஒப்பந்தத்தால் தனித்தொகுதி ஒழிந்தது என்று எழுதும் ஆசிரியரே, அடுத்த பத்தியில் இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கு 44 தனித்தொகுதிகள் உள்ளன என்றும் எழுத நேர்கிறது. மாணவர் குழம்புவதில் வியப்பில்லை. பிழை மாணவரிடத்து இல்லை. ஒருபொருள் குறித்த பலசொல்லைத் தேடித்தேடித் தொகுத்த மரபு, பலபொருள் குறித்த இவ்வொருசொல்லைக் கவனியாது விட்டதே பிழை.

இக்குழப்பம் சொல்லளவில் நிற்பதன்று. 'பொது' என்பதன் மறுதலையாகத் 'தனி' என்பதை நிறுத்தியவுடன், ஒதுக்கீட்டுத் தொகுதி பொதுவன்று என்னும் கருத்து தானே விளைகிறது. அத்தொகுதியிலும் எல்லா வகுப்பினரும் வாக்களிக்கின்றனர். வேட்பாளருக்கே வரையறை உண்டு, வாக்காளருக்கு இல்லை. 1952, 1957 பொதுத்தேர்தல்களில் ஒதுக்கீட்டு இடங்கள் பல, பொது உறுப்பினர் ஒருவரையும் உடன்கொண்ட இரட்டை உறுப்பினர் தொகுதிகளாகவே இருந்தன. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை நீக்கியது. 'தனி' என்னும் பெயர் மட்டும் அத்தொகுதி மக்கள் வேறானவர் என்னும் தோற்றத்தை இடையறாது தந்துகொண்டிருக்கிறது.

மறுபுறம், 'பொதுப்பிரிவு' என்னும் வழக்கில் எதிர்த்திசைப் பிழை நேர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் 69 விழுக்காட்டு ஒதுக்கீடு போக எஞ்சிய 31 விழுக்காடு பொதுப்போட்டிக்கு உரியது. எவ்வகுப்பினரும் அதில் தகுதியால் இடம்பெறலாம். அது எவர்க்கும் ஒதுக்கப்பட்ட வகுப்புப் பங்கன்று என்பதை 2020-இல் சௌரவ் யாதவ் வழக்கில் உச்சநீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஆயினும் நாளிதழ் வழக்கில் 'பொதுப்பிரிவினர்' என்பது ஒதுக்கீடு பெறாத வகுப்பினரின் பெயராகிவிட்டது. 2019-ஆம் ஆண்டு 103-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் குறித்த செய்திகளில் 'பொதுப்பிரிவு ஏழைகள்', 'உயர்வகுப்பு ஏழைகள்' என்னும் இரண்டும் ஒன்றனிடத்தில் ஒன்று எழுதப்பட்டன. இங்கே நிகண்டு முறைப்படி 'பொது'வுக்கு ஒருபொருட் சொல் 'உயர்வகுப்பு' என்றாகிறது. மராத்தியில் 'குலா', அதாவது திறந்தது, என்று பெயரிட்டும் அங்கும் அவ்வழக்கு ஏறத்தாழ இவ்வாறே திரிந்துள்ளது என்பதை மறைத்தல் ஆகாது.

ஆகவே சொல்லை மாற்றினால் எல்லாம் சீராகும் என்று கூறுவதற்கில்லை. எனினும் கலைச்சொல்லாக்குவோரும் அகராதி தொகுப்போரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 'பொது' என்னும் பதிவின்கீழ் 'எல்லார்க்கும் உரியது', 'பிரித்தவை போக எஞ்சியது' ஆகிய இரண்டையும் வேறுவேறு பொருள்களாக எண்ணிட்டு, எடுத்துக்காட்டுகளுடன் காட்டலாம். 'ஒதுக்கீட்டுத் தொகுதி' என்னும் தொடர் ஏற்கெனவே எழுத்துவழக்கில் உள்ளது. பாடநூல்களேனும் அதனை மேற்கொண்டு, 'தனித்தொகுதி' என்பதை 1932-இல் கைவிடப்பட்ட முறைக்கு மட்டும் உரித்தாக்கலாம். பாரதியார் தம் பாரத சமுதாயப் பாடலில் 'பொது உடைமை' என்பதைத் தனியே விடாது 'முழுமைக்கும்' என்னும் சொல்லை அதன்முன் நிறுத்தியதையும், புலே 'சர்வ'வுக்கு முன் 'ஏகந்தர்' சேர்த்ததையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு, பெருஞ்சொற்கள் துணைச்சொல்லின்றி நிற்கத் தயங்கும் இடங்கள் புலப்படும்.

தேர்தல் ஆணையப் பட்டியலில் தமிழ்நாட்டு மக்களவைத் தொகுதிகளுள் ஏழு, பெயருக்குப் பின் பிறைக்குறிக்குள் 'தனி' என்னும் அடையுடன் நாளிதழ்களில் அச்சாகின்றன. திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், நீலகிரி, நாகப்பட்டினம், தென்காசி ஆகியவற்றோடு எஞ்சிய ஒன்று, பண்டை நூல்கள் 'பொது' என்றே பெயர்சூட்டிய தில்லை: சிதம்பரம் (தனி).